ருத்ரா (இசைக்குழு): சிங்கப்பூர்த் தமிழர்களின் மெட்டல் இசை வரலாறு

ருத்ரா என்பது சிங்கப்பூரைச் சேர்ந்த மெட்டல் இசைக்குழு ஆகும். 1992ஆம் ஆண்டு தமிழ் இளைஞர்களால் தொடங்கப்பட்ட இக்குழு, த்ராஷ் மெட்டல், டெத் மெட்டல் ஆகிய இரண்டு இசை வகைகளின் கலவையை அடிப்படையாகக் கொண்டு, உபநிடதங்கள், பகவத் கீதை, அத்வைத வேதாந்தம் ஆகியவற்றைப் பாடுபொருளாக எடுத்துக்கொண்டது. இந்த இசை 'வேதிக் மெட்டல்' என்று அழைக்கப்படுகிறது. ஆங்கில வரிகளுக்கு இடையே சமஸ்கிருத மந்திரங்கள் வருவது இதன் தனி அடையாளம். மக்கள்தொகையில் ஒரு சிறுபான்மை, அந்தச் சிறுபான்மைக்குள்ளும் மெட்டல் கேட்கும் இன்னொரு சிறுபான்மை என்ற நிலையிலிருந்து எழுந்த குழு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றது எப்படி என்பதே இதன் வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தியாகும்.

த்ராஷ் மெட்டல்: ஒரு பின்னணி

த்ராஷ் மெட்டல் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. பிரிட்டனின் ஹெவி மெட்டல் குழுக்களின் கிட்டார் இசையையும் பங்க் இசையின் வேகத்தையும் இணைத்து, கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் இருந்த இளைஞர்கள் இதை வளர்த்தனர். மெட்டாலிக்கா குழுவின் முதல் இசைத்தொகுப்பான 'கில் எம் ஆல்' 1983இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஸ்லேயர் குழுவின் முதல் தொகுப்பும் வந்தது. இவ்விரண்டுடன் மெகாடெத், ஆந்த்ராக்ஸ் ஆகியவற்றையும் சேர்த்து இவ்வகையின் 'பெரிய நால்வர்' என்பர். ஜெர்மனியில் கிரியேட்டர், சோடம், டிஸ்ட்ரக்ஷன் ஆகிய குழுக்களும் பிரேசிலில் செபுல்டுரா குழுவும் இதே காலத்தில் தோன்றின.

வலக்கை விளிம்பால் கம்பிகளைச் சற்று அழுத்திக்கொண்டே விரைவாக மீட்டும் கிட்டார், இரு கால்களாலும் மாறி மாறி மிதிக்கப்படும் பெரிய டிரம், கத்தலுக்கு நெருக்கமான குரல் ஆகியவை த்ராஷ் மெட்டலின் இலக்கணம். போர், அரசியல் ஊழல், மதத்தின் பெயரால் நடக்கும் ஏமாற்று ஆகியவை இதன் வழக்கமான பாடுபொருள்கள். 1980களின் பிற்பகுதியில் இதிலிருந்து டெத் மெட்டல் கிளைத்தது. அதில் குரல் அடிவயிற்று உறுமலாக மாறியது. பாடுபொருள் மரணத்தை நோக்கித் திரும்பியது. ருத்ரா தோன்றிய காலத்தில் உலகெங்கும் உள்ள மெட்டல் ரசிகர்கள் ஒலிநாடாக்களைப் படியெடுத்து அஞ்சலில் பரிமாறிக்கொண்டிருந்தனர். கையச்சாக எடுக்கப்பட்ட ரசிகர் இதழ்களே அன்றைய செய்தித் தொடர்பு.

சிங்கப்பூர்ச் சூழல்

சிங்கப்பூர் அரசு ராக் இசையை நீண்ட காலம் ஐயத்துடனேயே பார்த்தது. 1970களில் ஆண்கள் நீண்ட முடி வைத்துக்கொள்வது போதைப் பழக்கத்துடன் தொடர்புபடுத்தப்பட்டது. நீண்ட முடி வைத்த ஆண்கள் கடைசியாகவே கவனிக்கப்படுவர் என்ற அறிவிப்பு அரசு அலுவலகங்களில் ஒட்டப்பட்டிருந்தது. 1972இல் லெட் செப்பெலின் குழுவினர் இதே காரணத்தால் சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதிக்கப்படவில்லை. 1990களின் தொடக்கத்தில், மேடைக்கு முன் ரசிகர்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டு ஆடும் ஆட்டத்துக்கும் தடை வந்தது.

இந்தக் கட்டுப்பாடுகளுக்கு நடுவிலும் அங்கு வலுவான மெட்டல் வட்டம் ஒன்று உருவானது. 1987இல் அபோரர், 1990இல் இம்பயட்டி ஆகிய குழுக்கள் தொடங்கப்பட்டன. 1990இல் ஆர்மீனியன் தெருவில் திறக்கப்பட்ட சப்ஸ்டேஷன் கலை மையம், பெருநிறுவன ஆதரவு இல்லாத இசைக்குழுக்களுக்கு இடம் தந்தது. கட்டாய ராணுவப் பணி இளைஞர்களின் சுமார் இரண்டு ஆண்டுக் காலத்தை எடுத்துக்கொள்ளும் நாட்டில், ஒரு குழுவைக் கலையாமல் வைத்திருப்பதே கடினம்.

தமிழர்களின் நிலை இன்னும் நுட்பமானது. சிங்கப்பூர் மக்கள்தொகையில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடு. தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆயினும் கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி ஆனது. தமிழ் ஒரு பாடமாக மட்டும் தொடர்ந்தது. கோயில் சார்ந்த இசைக்கும் வரம்புகள் இருந்தன. தைப்பூச ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகள் வாசிப்பது 1973இல் தடை செய்யப்பட்டது. பாதையின் மூன்று இடங்களில் மட்டும் வாசிக்கலாம் என்ற தளர்வு 2016இல்தான் வந்தது. ஆங்கிலத்தில் படித்து, வீட்டில் தமிழ் பேசி, கோயிலில் சமஸ்கிருத மந்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறையின் காலத்தில்தான் ருத்ரா தோன்றியது.

தொடக்கம்: 1992 முதல் 1998 வரை

பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடும் கதிர், கிட்டார் கலைஞர் பாலா, டிரம்ஸ் கலைஞர் சிவா ஆகியோர் 1992இல் இக்குழுவைத் தொடங்கினர். அப்போது ஆங்கிலத்தில் 'டி' எழுத்துக்குப் பின் 'எச்' சேர்த்துப் பெயரை எழுதினர். 1994இல் 'தி பாஸ்ட்' என்னும் மாதிரிப் பதிவு வெளிவந்தது. 1990களின் நடுப்பகுதியில் குழு கலைந்து, பின்னர் இன்றைய எழுத்துக்கூட்டலுடன் மீண்டும் ஒன்றிணைந்தது. 1998இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் முழு இசைத்தொகுப்பு வெளிவந்தது.

ருத்திரன் வேதத்தில் வரும் தெய்வம். அழுதல், அலறுதல், முழங்குதல் ஆகிய பொருள்களைத் தரும் வேர்ச்சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பது மரபான விளக்கம். யஜுர் வேதத்தில் உள்ள ஸ்ரீருத்ரம் இன்றும் சிவன் கோயில்களில் ஓதப்படுகிறது. அது அச்சமூட்டும் ஒரு தெய்வத்தின் சினத்தையும் வில்லையும் அம்பையும் வணங்கித் தணிக்கும் பாடல். முழக்கமே உருவான இசைக்கு முழக்கத்தின் தெய்வத்தைப் பெயராக வைத்தது தற்செயலான தேர்வு அல்ல.

இத்தேர்வில் இன்னொரு வேறுபாடும் உண்டு. மேற்கத்திய மெட்டல் இசையில் மதம் பெரும்பாலும் எதிரி. கிறித்தவத் திருச்சபையை எதிர்ப்பதற்காகவே பல குழுக்கள் சாத்தானின் படிமங்களை எடுத்தாண்டன. சைவ, சாக்த மரபுகளிலோ சுடுகாடும் மண்டையோடும் சாம்பலும் தெய்வத்திற்கே உரியவை. காலபைரவரையும் காளியையும் வணங்கும் பண்பாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, அச்சமூட்டும் படிமத்துக்காக இறைமறுப்பை நாட வேண்டிய தேவை இல்லை. பிற குழுக்கள் மதத்துக்கு வெளியே தேடியதை ருத்ரா மதத்துக்குள்ளேயே கண்டது.

'தி ஆரியன் குருசேடு': ஒரு சொல்லின் சுமை

இரண்டாவது தொகுப்பு 'தி ஆரியன் குருசேடு' 2001இல் வெளிவந்தது. 'ஆரிய' என்ற சொல்லை இனப் பொருளில் அல்லாமல், 'மேன்மையுடையவர்' என்னும் பழைய சமஸ்கிருதப் பொருளிலேயே குழு ஆண்டது. ஆனாலும் இச்சொல் இரண்டு திசைகளிலிருந்து சுமை ஏறியது. ஐரோப்பாவில் நாஜிகள் அதை இனவெறியின் முத்திரை ஆக்கிவிட்டனர். மெட்டல் உலகின் ஓரத்தில் இனவெறிக் குழுக்களும் உண்டு என்பதால், அங்கு இத்தலைப்பு தவறாகப் புரிந்துகொள்ளப்படும் வாய்ப்பு மிகுதி.

தமிழ்ச் சூழலில் சுமை வேறு வகையானது. 1856இல் கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்த பின், 'ஆரியர்' 'திராவிடர்' என்னும் சொற்கள் சமூக நீதி அரசியலின் மையச் சொற்கள் ஆயின. சிங்கப்பூர்த் தமிழரும் இதற்கு வெளியே இல்லை. 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி சுயமரியாதை இயக்கத்தில் ஈடுபாடு கொண்டவர். அத்தகைய வரலாறு உள்ள ஊரில், தமிழர்களின் குழு ஒன்று 'ஆரிய' என்ற சொல்லைத் தன் தலைப்பில் வைத்தது கேள்விக்கு இடம் தரக்கூடிய செயலே.

இச்சொல்லை இனப் பொருளிலிருந்து விடுவிக்கும் முயற்சி அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் அரவிந்தர் 1914 ஆகஸ்ட் 15 அன்று 'ஆர்யா' என்னும் ஆங்கிலத் தத்துவ மாத இதழைத் தொடங்கினார். 1921 வரை அது வெளிவந்தது. வேதங்களையும் உபநிடதங்களையும் பற்றிய அவருடைய எழுத்துகள் அதில் தொடராக வந்தன. தன் இதழின் பெயரை விளக்கும்போது, ஆரியன் என்பது ஓர் இனத்தின் பெயர் அன்று, தன்னை உயர்த்திக்கொள்ள இடைவிடாது போராடும் மனிதனின் பண்பு என்று அவர் எழுதினார். ருத்ராவின் தலைப்பும் இதே திசையில் செல்வது. எனினும் அறிஞர் ஒருவர் தம் இதழில் பக்கக்கணக்கில் தந்த விளக்கத்துக்கு ஓர் இசைத்தொகுப்பின் அட்டையில் இடமில்லை. அட்டையை மட்டும் பார்ப்பவரிடம் சொல்லின் வரலாறே முந்திக்கொண்டு பேசும்.

குருக்ஷேத்திரத்திலிருந்து பிரம்மவித்யை வரை

2003இல் மூன்றாவது தொகுப்பு 'குருக்ஷேத்ரா' வெளிவந்தது. போர் என்பது த்ராஷ் மெட்டலின் வழக்கமான பாடுபொருள். இத்தலைப்பின் வழியே அது கீதை உரைக்கப்பட்ட களத்துக்கு வந்து சேர்ந்தது. கீதையின் களத்தில் வெளியே நடக்கும் போரைவிட அர்ச்சுனனின் மனத்துக்குள் நடக்கும் போரே முதன்மையானது. ருத்ராவின் பாடல்களில் எதிரி யார் என்ற கேள்விக்கான விடையும் அத்திசையிலேயே அமைந்தது. அந்த எதிரி அவித்யை, அதாவது அறியாமை.

அடுத்து வந்த மூன்று தொகுப்புகள் ஒரு வரிசையாக அமைந்தவை: 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ' (2005), 'பிரம்மவித்யா: டிரான்சென்டென்டல் ஐ' (2009), 'பிரம்மவித்யா: இம்மார்டல் ஐ' (2011). இத்தலைப்புகளின் இறுதியில் உள்ள ஆங்கில எழுத்தை ரோம எண் ஒன்று எனக் கொள்வோர் உண்டு. அது 'நான்' என்னும் சொல். ஆதியான நான், கடந்து நிற்கும் நான், அழிவற்ற நான் என்று மூன்று தலைப்புகளையும் பொருள் கொள்ளலாம். உடலையும் மனத்தையும் 'நான்' என்று எண்ணும் மயக்கம் நீங்கி, பிரம்மமும் ஆன்மாவும் ஒன்றே என அறிவதுதான் அத்வைதத்தில் பிரம்மவித்யை எனப்படுகிறது. 2009ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஆதிசங்கரரை வணங்கும் பாடலும், ஜனக மன்னருக்கு உபதேசித்தவராக மரபு கூறும் அஷ்டவக்கிரரின் பெயரைத் தாங்கிய பாடலும் உள்ளன.

ஒரே தத்துவப் பொருளை ஆறு ஆண்டுகளாக மூன்று தொகுப்புகளில் தொடர்ந்தது மெட்டல் இசையில் அரிதான செயல். அயல்பண்பாட்டுப் படிமங்களை அலங்காரமாகப் பயன்படுத்தும் குழுக்களிலிருந்து ருத்ரா வேறுபடும் இடம் இதுவே. பாடலாசிரியரான கதிர் வேதாந்தம் பயின்றவர். சிங்கப்பூரில் மனவிழிப்புப் பயிற்சி ஆசிரியராகவும் அறியப்பட்டவர். மேடையில் உறுமும் குரலும் வகுப்பில் அமைதியைக் கற்பிக்கும் குரலும் ஒருவருடையதே.

இசை அமைப்பு

ருத்ராவின் இசைக்கு அடித்தளம் த்ராஷ் மெட்டலின் விரைவான கிட்டாரும் டெத் மெட்டலின் உறுமல் குரலும் ஆகும். அதன் மேல் மந்திர ஓதலும் இந்திய இசையின் சாயலும் சேர்கின்றன.

இவை ஒட்டுவதற்கு இசையியல் காரணம் உண்டு. மெட்டல் கிட்டார் கலைஞர்கள் பெரிதும் விரும்பும் சுர வரிசை மேற்கில் 'பிரிஜியன்' எனப்படுகிறது. ஆதார சுரத்துக்கு அடுத்தே அரைச் சுர இடைவெளியில் வரும் ரிஷபம் அதற்கு இருண்ட தன்மையைத் தருகிறது. கர்நாடக இசையில் இதே சுரங்களைக் கொண்டது 8ஆவது மேளகர்த்தா ராகமான ஹனுமத்தோடி. அதன் காந்தாரத்தை மட்டும் உயர்த்தினால் 14ஆவது மேளமான வகுளாபரணம் கிடைக்கும். இதுவும் மெட்டல் கலைஞர்களுக்கு நன்கு பழகிய சுர வரிசையே. கமகம் இல்லாதபோது ராகம் ராகமாகாது என்றாலும், மேற்கத்தியக் காதுக்கு அச்சம் தரும் சுரங்கள் தமிழ்க் காதுக்கு நாதசுரத்திலும் கச்சேரியிலும் முன்பே அறிமுகமானவை.

மந்திர ஓதலிலும் ஒற்றுமை உண்டு. வேதம் ஓதுவதில் உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்ற மூன்று ஒலிநிலைகளே முதன்மையானவை. குறைந்த சுரங்களுக்குள் சொற்கள் அழுத்தமாகவும் சீராகவும் விழுகின்றன. உறுமல் குரலில் பாடும்போதும் சுரம் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. சொல்லின் அழுத்தமும் தாளமுமே எஞ்சுகின்றன. இரண்டுமே மெட்டைவிட ஒலிப்பை முன்னிறுத்துபவை. ஆயினும் பெரிய முரண் ஒன்று இருக்கவே செய்கிறது. வேத ஓதலில் ஒரு சுரம் பிசகுவதும் குற்றம். உறுமல் குரலிலோ வரிகள் கேட்பவருக்குத் தெளிவாகப் புரிவதில்லை. எனவே மந்திரங்கள் ஓதல் முறையிலும் ஆங்கில வரிகள் உறுமலிலும் அமைவது ருத்ராவின் பாடல்களில் பெரிதும் காணப்படும் முறையாகும்.

மொழி பற்றிய கேள்வி

தமிழர்கள் தொடங்கிய குழுவின் பாடல்களில் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் மேலோங்கி நிற்பது தமிழ் வாசகர் பலருக்கும் எழும் கேள்வி. ஆங்கிலம் அத்தலைமுறையின் கல்விமொழி. உலக மெட்டல் வட்டத்தின் பொதுமொழியும் அதுவே. சமஸ்கிருதம் குழு எடுத்துக்கொண்ட மூல நூல்களின் மொழி. ஆனால் ஒலிவளமும் தத்துவச் செறிவும் சினமும் வேண்டுமென்றால் தமிழில் திருமந்திரமும் காரைக்கால் அம்மையாரின் பதிகங்களும் சித்தர் பாடல்களும் உள்ளன. பேய்களோடு சுடுகாட்டில் ஆடும் சிவனை ஆறாம் நூற்றாண்டு அளவிலேயே பாடிய அம்மையாரைப் போல் மெட்டல் இசைக்கு நெருக்கமான பழம்புலவர் வேறொருவர் இல்லை என்றே சொல்லலாம். அந்த வழி இன்னும் பெரிய அளவில் நடக்கப்படாமல் கிடக்கிறது. இதை ருத்ராவின் குறை என்று சொல்வதைவிட, ருத்ரா திறந்துவைத்த வாசலின் அடுத்த பக்கம் என்று கொள்வதே பொருந்தும்.

பிற்காலத் தொகுப்புகள்

மூன்று தொகுப்பு வரிசை முடிந்த பின் 2013இல் 'ரிதா' வெளிவந்தது. ரிதம் என்பது ரிக் வேதத்தில் பிரபஞ்ச ஒழுங்கைக் குறிக்கும் சொல். 2016இல் 'எனிமி ஆஃப் டுவாலிட்டி', அதாவது 'இருமையின் பகை', இந்தியாவின் டிரான்சென்டிங் அப்ஸ்க்யூரிட்டி நிறுவனத்தின் வழியே வந்தது. மெட்டல் இசைக்கு ஏற்ற சினமும் அத்வைதத்தின் மையக் கருத்தும் ஒரே தலைப்பில் இணைந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. 2022இல் 'எய்ட் மஹாவித்யாஸ்' வெளிவந்தது. இக்காலம் முழுவதும் கிட்டார் கலைஞர்கள் மாறினாலும் கதிரும் சிவாவும் குழுவின் அச்சாக இருந்தனர்.

ஒப்பீடும் இடமும்

தன் மண்ணின் மரபை மெட்டலுக்குள் கொண்டுவந்த குழு ருத்ரா மட்டும் அன்று. சுவீடனின் பாத்தரி குழு 1990இல் 'ஹேமர்ஹார்ட்' தொகுப்பின் மூலம் வைக்கிங் மெட்டல் என்னும் வகைக்கு வடிவம் தந்தது. பிரேசிலின் செபுல்டுரா 1996இல் 'ரூட்ஸ்' தொகுப்புக்காக ஷவாந்தே பழங்குடியினருடன் சேர்ந்து பதிவு செய்தது. அத்தொகுப்பு வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ருத்ரா தொடங்கப்பட்டிருந்தது.

இந்தியாவில் 1998இல் பெங்களூரில் தொடங்கிய கிரிப்டோஸ், ஹெவி மெட்டலையும் த்ராஷையும் இணைத்து ஐரோப்பிய மேடைகளை அடைந்தது. ஆனால் அதன் பாடுபொருளில் இந்திய அடையாளத்தைத் தனியே முன்னிறுத்தவில்லை. மும்பையின் டெமானிக் ரெசரக்ஷன் குழு 2017இல் திருமாலின் பத்து அவதாரங்களைப் பற்றி 'தசாவதார்' தொகுப்பை வெளியிட்டது. செக் நாட்டின் கல்ட் ஆஃப் ஃபயர் குழுகூட 2013இல் இந்து சமயப் பொருளில் ஒரு தொகுப்பை வெளியிட்டு, அதன் தலைப்பைத் தேவநாகரி எழுத்தில் அச்சிட்டது. இன்று இது பழகிய வழியாகத் தோன்றுகிறது. 1992இல் அது வழியாகவே இருக்கவில்லை.

கல்வி உலகமும் இக்குழுவைக் கவனித்தது. சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன், வேதிக் மெட்டலையும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கல்களையும் பற்றி 2009இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ருத்ராவின் இசை ரசிகர் வட்டத்துக்குள் மட்டும் அடங்காமல், புலம்பெயர்ந்த சமூகம் ஒன்று தன்னை எப்படி அடையாளப்படுத்திக்கொள்கிறது என்ற கேள்வியாகவும் மாறியதற்கு இது சான்று.

மதிப்பீடு

ருத்ரா பெரும் அரங்குகளை நிறைக்கும் குழுவாக வளரவில்லை. அதன் சாதனை வேறு வகையானது. சிங்கப்பூரில் தமிழ் இளைஞர் ஒருவருக்குக் கிடைத்த ஆயத்த அடையாளங்கள் இரண்டு: ஒன்று கோயிலும் திரைப்பாடலும் சேர்ந்த மரபு, மற்றொன்று ஆங்கிலம் பேசும் நவீன நகரம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தை ருத்ரா ஏற்கவில்லை. கலிபோர்னியாவில் பிறந்த இசையையும் உபநிடதத்தையும் ஒரே மேடையில் வைத்து, இரண்டையும் முழுமையாகக் கற்றுக்கொண்டு வாசித்தது. முதல் இசைத்தொகுப்புக்கும் 2022ஆம் ஆண்டுத் தொகுப்புக்கும் இடையே 24 ஆண்டுகள். அந்த 24 ஆண்டுகளிலும் குழு தன் பாடுபொருளை மாற்றிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தொகுப்பிலும் அதற்குள் இன்னும் ஆழமாகவே இறங்கியது.